பில்லி மெக்நீல் முட்டிய பந்துகள்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரக் கால்பந்து அணியான செல்டிக்கின் கேப்டன் பில்லி மெக்நீலைப் பற்றி எழுதுகிற எல்லோரும் போர்ச்சுகலின் லிஸ்பனில்தான் ஆரம்பிப்பார்கள். 1967 மே 25, ஐரோப்பியக் கோப்பை இறுதியில் இத்தாலியின் இன்டர் மிலானை 2-1 என்று வென்ற நாள். பிரிட்டனிலிருந்து அந்தக் கோப்பையைத் தூக்கிய முதல் கேப்டன் அவர். அணியின் பதினோரு பேரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். பெருமைதான், மறுக்கவில்லை.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அதே ஆண்டு மார்ச்சில் சொந்த மைதானமான செல்டிக் பார்க்கில் நடந்த காலிறுதி. யூகோஸ்லாவியாவின் வொய்வொதினா அணியிடம் முதல் ஆட்டத்தில் 1-0 என்று தோற்றுவிட்டு வந்திருந்தார்கள். இரண்டாவது ஆட்டத்தில் செல்டிக்கின் ஸ்டீவி சால்மர்ஸ் ஒரு கோல் அடித்து, இரண்டு ஆட்டங்களின் மொத்தக் கணக்கைச் சமன் செய்தார். கடைசி நிமிடம். வலப்பக்கத்திலிருந்து சார்லி கேலகர் கார்னர் அடிக்கிறார். பின்னாலிருந்து ஓடிவந்த மெக்நீல் எல்லார் தலைக்கும் மேலே எழும்பி ஒரே முட்டு, கோல்! அந்த ஹெட்டர், அதாவது தலையால் முட்டிய பந்து, இல்லையென்றால் லிஸ்பன் கிடையாது. 1965 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் டன்ஃபர்ம்லினை வீழ்த்தியதும் அவருடைய ஹெட்டர்தான்.

இவை கணக்கில் ஏறிய ஹெட்டர்கள். ஆனால் அவர் டிஃபெண்டர், எதிரணியைத் தடுக்கும் ஆட்டக்காரர். செல்டிக்குக்காக மட்டும் 790 ஆட்டங்கள். எதிரணி கோல்கீப்பர் உதைத்து அனுப்பும் நெடும்பந்து, பக்கவாட்டிலிருந்து வரும் கிராஸ், கார்னர் என்று ஒவ்வோர் ஆட்டத்திலும் தலையைக் கொடுப்பதுதான் அவருடைய வேலை. பயிற்சியில் முட்டியது தனி. அதையெல்லாம் யார் எண்ணினார்கள்?

அவருக்கு டிமென்ஷியா, அதாவது நினைவும் சிந்தனையும் மங்கும் நோய், என்பதைக் குடும்பத்தினர் 2017-ல் வெளியே சொன்னார்கள். 2019 ஏப்ரலில், 79 வயதில் இறந்தார். ஒரே வாரத்தில், லிஸ்பனில் வெற்றி கோலை அடித்த ஸ்டீவி சால்மர்ஸும் போனார். அவருக்கும் அதே நோய்.

ஒரு தனி மனிதரின் நோய்க்கு ஹெட்டர்தான் காரணம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது, சரி. ஆனால் அதே 2019-ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வில்லி ஸ்டூவர்ட் குழு ஓர் ஆய்வை வெளியிட்டது. ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்கள் 7,676 பேரின் பதிவுகளை, அதே வயது, அதே வாழ்க்கை நிலையில் உள்ள மற்றவர்களோடு ஒப்பிட்டார்கள். மூளை சிதையும் நோய்களால் இறக்கும் வாய்ப்பு ஆட்டக்காரர்களுக்குச் சுமார் மூன்றரை மடங்கு. 2021-ல் ஆடிய இடத்தை வைத்துப் பிரித்துப் பார்த்தபோது, டிஃபெண்டர்களுக்கு இத்தகைய நோய்கள் வரும் ஆபத்து ஏறக்குறைய ஐந்து மடங்கு. கோல்கீப்பர்களுக்கோ மற்றவர்களைவிட அப்படியொன்றும் கூடுதல் இல்லை. ஒரே மைதானம், ஒரே பயிற்சி, ஒரே பேருந்துப் பயணம். கோல்கீப்பர் பந்தைக் கையால் பிடிக்கிறார், டிஃபெண்டர் தலையால் முட்டுகிறார். இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும்?

'அது தோல்பந்துக் காலம், மழையில் ஊறிக் கல்லாகக் கனக்கும், இன்றைய பந்து லேசு' என்று சிலர் சொல்வார்கள். இந்த வாதம் எனக்கு எரிச்சலூட்டுகிறது. உலர்ந்த பந்தின் எடை அன்றைக்கும் இன்றைக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். இன்றைய பந்து தண்ணீர் குடிப்பதில்லை, உண்மை. ஆனால் அது இன்னும் வேகமாக அல்லவா வருகிறது?

ஸ்காட்லாந்து ஓரளவு விழித்துக்கொண்டது. 2020-ல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயிற்சியில் ஹெட்டரை நிறுத்தினார்கள். 2022-ல், தொழில்முறை அணிகள் ஆட்டத்துக்கு முந்தைய நாளும் மறுநாளும் ஹெட்டர் பயிற்சி வைக்கக் கூடாது என்று வழிகாட்டுதல் வந்தது. நல்லதுதான். ஆனால் வெறும் வழிகாட்டுதல் எனக்குப் போதாது. ஒருவர் வாரத்துக்கு எத்தனை முறை முட்டினார் என்று கிளப் எண்ணிப் பதிவு செய்ய வேண்டும், கால்பந்துச் சங்கம் அதைச் சரிபார்க்க வேண்டும். ஓடிய தூரத்தையெல்லாம் மீட்டர் கணக்கில் அளக்கிறவர்களுக்கு இது பெரிய வேலையா?

ஹெட்டரையே ஒழித்துவிடுங்கள் என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலிறுதி கோலைக் கொண்டாடுகிற நான் எப்படிக் கேட்பேன்? நான் கேட்பது வேறு. சுரங்கத் தொழிலாளியின் நுரையீரல் நோயைத் தொழில் தந்த நோய் என்று ஏற்றுக்கொண்டதுபோல ஆட்டக்காரர்களின் இந்த மூளை நோயையும் ஏற்றுக்கொள்ளுங்கள். அன்றைய ஆட்டக்காரர்கள் இன்றைய நட்சத்திரங்கள்போலக் கோடிகளில் சம்பாதிக்கவில்லை. அவர்களைப் பராமரிக்கும் செலவு மனைவி மக்கள் தலையில்தான் விழுகிறது. ஒளிபரப்பு உரிமையில் கொட்டுகிற பணத்திலிருந்து முதலில் அந்தக் குடும்பங்களுக்கு ஒதுக்கட்டும்.