மணற்காட்டைக் காலமையில் வையுங்கோ
யாழ்ப்பாணத்தில காரைநகர் கசூரினாக் கடற்கரையையும், வடமராட்சியில கடலோர மணல்மேடுகள் இருக்கிற மணற்காட்டையும் ஒரே நாளில் பார்க்கலாம் என்று ஒரு சுற்றுலாக் கட்டுரை சொல்லுது. பார்க்கலாம், ஆனால் மணற்காடு காலமைக்குத்தான். பத்து மணிக்குப் பிறகு மணல் சுடும். செருப்போட மேட்டில ஏறினால் கால் புதைஞ்சு வார் அறும், சப்பாத்து நல்லது. மணல் மூடின பழைய அந்தோனியார் கோயில் சுவரில ஏறாதேங்கோ, கல் உதிரும். மோட்டார் சைக்கிளைத் தார் றோட்டிலேயே விடுங்கோ. மணலுக்குள்ள பின்சில்லு சுத்தச் சுத்தக் கீழதான் போகும். அங்க இருக்கிற சவுக்கு மரக்காட்டுக்குள்ள அடுப்பு மூட்டவே கூடாது, காய்ஞ்ச சருகு உடன பத்தும்.

கசூரினா பின்னேரத்துக்கு. அங்க கடல் கனதூரம் ஆழமில்லை. மணற்காட்டுக் கடல் வேற: கார்த்திகை, மார்கழியில வாடைக்காத்து நேரா அடிக்கும், அலை பெரிசு, குளிக்க இறங்காதேங்கோ. குடிக்கத் தண்ணி ஆளுக்கு 2 லீற்றர் கொண்டுபோங்கோ.