ஒப்பந்தம் போட்டாச்சு, வேலை எப்போ?

கல்லூரியும் கம்பெனியும் புரிந்துணர்வு ஒப்பந்தம் போட்டு, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்துக்கொள்வதோடு பல கூட்டுமுயற்சிகள் நின்றுவிடுகின்றன. எந்தச் சிக்கலைத் தீர்க்கப்போகிறோம் என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இருக்காது. சிக்கலை முதலில் எழுதுங்கள், ஒப்பந்தம் பிறகு வரட்டும்.

வடசென்னையில் சிக்கலுக்கா பஞ்சம்? கொடுங்கையூரில் கழிவுநீரை ஆர்.ஓ. வரை சுத்திகரித்து மணலி, எண்ணூர் பக்கத்து ஆலைகளுக்கு அனுப்பும் நிலையம் 2019-இல் வந்தது. நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் கொள்ளளவு. இப்படிப்பட்ட எந்த நிலையத்துக்கும் ஓயாத தலைவலி, ஆர்.ஓ.வில் தண்ணீரை வடிகட்டும் சவ்வான மெம்பரேனில் வரும் அடைப்பு. மெம்பரேனுக்குள் தண்ணீர் நுழையும் முனைக்கும் வெளியேறும் முனைக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் 15 சதவீதம் ஏறினாலோ, வடிகட்டி வரும் நல்ல தண்ணீரின் அளவு, வெப்பநிலைக்கு ஈடுகட்டிக் கணக்கிட்டால், 10 சதவீதம் குறைந்தாலோ கழுவியாக வேண்டும். எதைக் கொண்டு கழுவுவது என்பதில்தான் சூட்சுமம். கால்சியம் பாஸ்பேட் படிவு அமிலத்தில் கரையும். பாக்டீரியாப் படலத்துக்கு முதலில் காரம் விட வேண்டும்; அவசரப்பட்டு அமிலத்தை முதலில் விட்டால் படலம் இறுகிப்போகும், பிறகு காரத்துக்கும் லேசில் அசையாது. பெரும்பாலும் படலம் முதல் வரிசை மெம்பரேனில் தொடங்கும், உப்புப் படிவு கடைசி வரிசையில். ஆக, படிவைச் சொல்ல வேதியியல், படலத்தைச் சொல்ல நுண்ணுயிரியல், எந்த வரிசையில் என்றைக்கு ஆரம்பித்தது என்று சென்சார் பதிவிலிருந்து பிடிக்க அளவீட்டுக் கருவித் துறையான இன்ஸ்ட்ருமென்டேஷன். மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால்தான் விடை.

உட்கார விடாதது பெரும்பாலும் நம் கல்லூரி விதிதான். இறுதியாண்டு புராஜெக்ட் பேட்ச் ஒரே துறைக்குள் இருக்க வேண்டும் என்றால், மூன்று துறை மாணவர்கள் மூன்று தனி அறிக்கை எழுதுவார்கள், ஆலைக்கு ஒன்றும் உதவாது. ஒரு புராஜெக்ட், மூன்று கைடு, ஒரே அறிக்கை என்று செமஸ்டர் தொடங்கும் முன்பே கல்விக் குழுவில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

அடுத்தது நாள்காட்டி. மெம்பரேனைக் கழற்றி அறுத்துப் பார்க்க, பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும் ஷட்டவுன் வரை காத்திருக்க வேண்டும். அது நம் தேர்வு அட்டவணையைப் பார்த்து வராது. மாணவர்களின் கேட் பாஸும் பாதுகாப்புப் பயிற்சியும் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும். கழற்றியதைக் காயவிடாமல், ஈரத்தோடு பையில் இறுகக் கட்டி, ஐஸ் பெட்டியில் அன்றே லேபுக்கு அனுப்புங்கள். கெடாமல் இருக்கட்டும் என்று சோடியம் பைசல்பைட் ஊற்றிவிட்டால் நுண்ணுயிரியல்காரருக்கு வளர்க்க எதுவும் மிஞ்சாது. இந்த ஒரு தவறில் மொத்தப் பயணமும் வீண்.

காப்புரிமையிலும் கவனம் வேண்டும். விண்ணப்பிக்கும் முன் ஆய்வுக்கட்டுரை வெளியானால் புதுமை போய்விடும். பேராசிரியருக்குக் கட்டுரை தேவை, கம்பெனிக்கு ரகசியம் தேவை. கட்டுரையை அனுப்பும் முன் கம்பெனி படித்துப்பார்க்க 30 நாள் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டால் சண்டை வராது. அதற்குள் கண்டுபிடிப்பின் தற்காலிக விவரக்குறிப்பைக் காப்புரிமை அலுவலகத்தில் தாக்கல் செய்துவிடலாம். முழு விவரக்குறிப்புக்கு அன்றிலிருந்து 12 மாதம் இருக்கிறது.

இன்னொரு வழியை நம் கல்லூரிகள் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம். 15 ஆண்டு தொழில் அனுபவம் உள்ளவரை, பிஎச்.டி. இல்லாவிட்டாலும், 'பிராக்டிஸ் பேராசிரியர்' ஆக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2022-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. மணலி ஆலையில் தண்ணீர்ப் பிரிவைக் கட்டி மேய்த்து ஓய்வுபெற்றவர் ஒருவரைக் கூப்பிடுங்கள். எந்த வால்வைத் திறந்தால் எந்த மீட்டர் பொய் சொல்லும் என்பது வரை அவருக்குத் தெரியும்.