பவுடர் டப்பாவில் 'ஆஸ்பெஸ்டாஸ் இல்லை' என்று போட்டிருந்தால் என்ன அர்த்தம்?

ஆஸ்பெஸ்டாஸ் என்றால் நமக்குக் கூரை ஷீட்தான் ஞாபகம் வரும். முகத்துக்குப் பூசும் பவுடருக்குள் அது எப்படி வந்தது என்று பலர் கேட்கிறார்கள். யாரும் கொண்டுவந்து கலப்பதில்லை. பாறையிலேயே சேர்ந்து கிடக்கிறது.

இந்தப் பவுடரின் மூலப்பொருள் டால்க், நகத்தால் கீறினாலே உதிரும் கனிமம். கல்சட்டி குடையும் மாக்கல்லிலும் முக்கியமாக இருப்பது இதுதான். டோலமைட் போன்ற மக்னீசியம் மிகுந்த பாறைகள் பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் மாறும்போது டால்க் உண்டாகிறது. அதே மாற்றத்தில்தான் டிரெமோலைட், ஆந்தோஃபிலைட், கிரைசோடைல் ஆகிய கனிமங்களும் உண்டாகின்றன. இவை இழையாகப் படிந்தால் அதற்குப் பெயர் ஆஸ்பெஸ்டாஸ். எல்லாச் சுரங்கத்திலும் இருக்காது, ஒரே சுரங்கத்தில்கூட ஒரு மூலையில் இருக்கும், அடுத்த மூலையில் இருக்காது. வெட்டும்போதே ஒதுக்கியாக வேண்டும். மாவாக அரைத்த பிறகு முழுதாகப் பிரித்தெடுக்க முடியாது.

சரி, சோதித்துப் பார்த்துத்தானே விற்கிறார்கள்? எதை வைத்துச் சோதித்தார்கள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அமெரிக்க அழகுசாதனத் தொழில்துறை 1976இல் தனக்குத்தானே ஒரு சோதனை முறையை வகுத்துக்கொண்டது. அதன் முதல் படி எக்ஸ்ரே டிஃப்ராக்‌ஷன். பொடியில் எக்ஸ்ரேயைப் பாய்ச்சி, சிதறி வரும் கோடுகளை வைத்துக் கனிமம் எது என்று சொல்லும் முறை அது. டிரெமோலைட் வகை எடையில் சுமார் 0.5 சதவீதம் இருந்தால்தான் அதில் தெரியும். அதற்குக் கீழே என்றால் 'கண்டறியப்படவில்லை'. கிரைசோடைல் அந்த முறையின் கணக்கிலேயே வரவில்லை. டால்க்கோடு சேர்ந்தே கிடக்கும் குளோரைட் என்ற கனிமத்தின் எக்ஸ்ரே கோடு, கிரைசோடைலின் கோட்டை மறைத்தும் விடும்.

0.5 சதவீதம் சின்ன அளவாகத்தான் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இழை எல்லாமே 5 மைக்ரோமீட்டர் நீளம், 0.2 மைக்ரோமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொள்வோம். ஓர் இழையின் எடை ஒரு கிராமில் இரண்டு லட்சம் கோடியில் ஒரு பங்குகூட வராது. அப்படியானால் ஒரு கிராம் பவுடரில் ஆயிரம் கோடி இழைகள் இருந்தாலும் அந்தச் சோதனை 'இல்லை' என்று சொல்லக்கூடும்.

சரியாகப் பார்க்க டிரான்ஸ்மிஷன் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் வேண்டும். இழையின் வடிவம், படிக அமைப்பு, வேதிக் கலவை மூன்றையும் அதில் ஒன்றுக்கொன்று சரிபார்க்கலாம். சாதாரண ஒளி மைக்ரோஸ்கோப்பில் மெல்லிய இழைகள் கண்ணுக்கே தப்பிவிடும். ஆனால் எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்புக்குள் போவது மிக மிகச் சிறிய மாதிரி. ஒரு மாதிரியில் கிடைக்கவில்லை என்பதால் டப்பா முழுவதும் சுத்தம் என்று ஆகாது. இதற்காகக் கனமான திரவத்தில் பவுடரைப் போட்டு, டால்க்கைவிடக் கனமான டிரெமோலைட்டை அடியில் தங்கவிட்டு எடுப்பதுண்டு. கிரைசோடைலுக்கு இந்த வித்தை பலிக்காது. அது டால்க்கைவிட இலேசு.

2019 அக்டோபரில் நடந்ததை இதோடு வைத்துப் பாருங்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்துக்காக நடந்த சோதனையில் ஜான்சன் அண்ட் ஜான்சன் பேபி பவுடர் டப்பா ஒன்றில் 0.00002 சதவீதத்துக்கு மேற்படாத கிரைசோடைல் தென்பட்டது. நிறுவனம் ஏறக்குறைய 33,000 டப்பாக்களைத் திரும்பப் பெற்றது. பிறகு அதே டப்பாவைத் தான் அமர்த்திய ஆய்வகங்களிடம் கொடுத்தது, அவர்கள் இல்லை என்றார்கள். மேலே போட்ட கணக்குப்படி அந்த 0.00002 சதவீதம்கூட ஒரு கிராமுக்கு நான்கைந்து லட்சம் இழை. 2020இல் அமெரிக்காவிலும் கனடாவிலும் டால்க் பேபி பவுடர் விற்பனையை நிறுத்திய அந்நிறுவனம், 2023இல் உலகம் முழுவதும் நிறுத்தியது. இந்தியக் கடைகளில் வாங்கிய டால்க் பவுடர்கள் சிலவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்ததாக 2019இல் ஓர் ஆய்வும் வெளிவந்தது. அதற்கு இங்கே கிடைத்த கவனம் போதாது என்பதே என் கருத்து.

புற்றுநோய் விஷயத்தில் இரண்டைப் போட்டுக் குழப்பக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் உண்டாக்கும் என்பதில் சந்தேகமே கிடையாது. நுரையீரல் உறையிலும் வயிற்று உறையிலும் வரும் மீசோதீலியோமா, நுரையீரல் புற்றுநோய், கருப்பைச்சூலகப் புற்றுநோய் எல்லாம் அதன் கணக்கில் உண்டு. மூச்சில் போய் 20 முதல் 50 ஆண்டு கழித்து மீசோதீலியோமாவாக வெளிப்படும். ஆஸ்பெஸ்டாஸ் கலக்காத டால்க் வேறு கேள்வி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2024இல் அதை 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. ஏறக்குறைய இரண்டரை லட்சம் பெண்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2020 ஆய்வில், அந்தரங்க உறுப்பில் பவுடர் பயன்படுத்தியவர்களுக்கும் சூலகப் புற்றுநோய்க்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை. ஆகவே இத்தனை நாள் பூசியவர்கள் அலறி அடித்துக்கொண்டு ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். தோல் வழியாக இழை உள்ளே போகாது. மூச்சில் போவதுதான் ஆபத்து.

அதனால் வீட்டில் செய்ய வேண்டியதும் மூச்சைச் சுற்றித்தான். கைக்குழந்தைக்குப் பவுடரே வேண்டாம். ஆஸ்பெஸ்டாஸ் ஒருபக்கம் இருக்கட்டும், எந்தப் பொடியும் குழந்தையின் நுரையீரலுக்குள் போனால் மூச்சுத்திணறல் வரும். மக்காச்சோள மாவுப் பவுடருக்கும் இது பொருந்தும். நாப்கின் படும் இடத்தில் புண்ணாகாமல் இருக்க ஜிங்க் ஆக்சைடு களிம்போ பெட்ரோலியம் ஜெல்லியோ மெல்லிசாகத் தடவுங்கள். வேர்க்குருவுக்குக் குளிர்ந்த நீரில் குளியல், பருத்தித் துணி, காலமைன் லோஷன் போதும். பெரியவர்கள் பூசியே ஆக வேண்டுமென்றால் ஃபேனை நிறுத்திவிட்டு, உள்ளங்கையில் கொட்டி, முகத்திலிருந்து தள்ளித் தேய்க்கலாம். கீழே கொட்டினதைப் பெருக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். கேரம் போர்டுக்கு முகப் பவுடரைத் தூவி வாயால் ஊதுவதைப் பிள்ளைகளிடம் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். வாங்கும்போது உட்பொருள் பட்டியலைப் படியுங்கள். 'டால்க்' என்றிருந்தால் அதுதான், 'ஜியா மேய்ஸ்' என்றிருந்தால் மக்காச்சோள மாவு. காம்பாக்ட், ஐஷேடோ, பிளஷ் ஆகியவற்றிலும் பாருங்கள். 2019இல் அமெரிக்காவில் சிறுமிகளுக்காக விற்ற மேக்கப் பொருள்களிலேயே டிரெமோலைட் ஆஸ்பெஸ்டாஸ் கிடைத்தது.

எனக்கு அதிகம் கவலை தருவது சலூன் தொழிலாளர்கள். சவரம் முடிந்ததும் பஃப்பில் பவுடரைத் தொட்டு வாடிக்கையாளரின் கழுத்தில் தட்டுகிறார்கள், நாளெல்லாம், மூடிய ஏசி அறையில். வாடிக்கையாளர் கால் மணி நேரத்தில் எழுந்து போய்விடுவார், அவர்கள் முப்பது நாற்பது ஆண்டு அந்தக் காற்றிலேயே நிற்பவர்கள். ஈரத்துண்டால் துடைத்தாலே கழுத்தில் ஒட்டிய முடி போய்விடும். அடுத்த முறை நாற்காலியில் உட்காரும்போது "பவுடர் வேண்டாம்ண்ணே" என்று சொல்லிவிடுங்கள்.