அல்வாவும் வெளியூரிலிருந்து வந்ததுதான்
வெளிமாநில பர்கர் கடை வந்துவிட்டதால் நெல்லைச் சீமையின் சாப்பாட்டு மரபு அழிந்துவிடும் என்று ஒரு கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நம் அடையாளம் என்று மார்தட்டிக்கொள்ளும் அல்வாவே ராஜஸ்தானிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார் இங்கே கிண்டிக் கொடுத்ததுதானே? அதற்குப் பால் எடுக்கும் கோதுமை தாமிரபரணிக் கரையில் விளைவதில்லை. இங்கே விளைவது நெல்லும் வாழையும். குற்றாலச் சீசனில் செங்கோட்டைப் பக்கம் நாம் காத்துக் கிடந்து தின்னும் பரோட்டாவின் மைதாவும் அப்படித்தான். அந்தக் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒரு நண்பர் "அந்த பர்கர் கடைப் பக்கமே போகாதீர்கள்" என்று சொல்லியிருக்கிறார். நான் போனேன். என் மகள் பிடிவாதம் பிடித்ததால் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்தேன். ரசித்துத்தான் சாப்பிட்டாள். மறுநாள் காலையிலேயே "ஆச்சி, இன்றைக்குச் சொதி வையுங்கள்" என்று என் அம்மாவிடம் போய் நின்றாள். எனக்குக் கவலை தருவது பர்கர் அல்ல. சொதி என்பது தேங்காய்ப்பாலில் செய்யும் எங்கள் ஊர்க் குழம்பு. அதற்குத் தேங்காயை மூன்று முறை பிழிந்து, மூன்றாம் பாலில் காய்களை வேகவைத்து, கடைசியில் முதல் பாலை ஊற்றித் திரியாமல் இறக்கும் பக்குவம் எங்கள் வீட்டில் அம்மா ஒருவருக்குத்தான் தெரியும். எனக்கு அதற்குத் தொட்டுக்கொள்ளும் இஞ்சித் துவையல் மட்டும் அரைக்கத் தெரியும். கல்யாண வீடுகளில் மறுவீட்டு விருந்துச் சொதியைக்கூட இப்போது சமையல்காரர்களிடம் விட்டுவிடுகிறோம். அதற்கு எந்த வெளிமாநிலக் கடை பொறுப்பு? வருகிற ஞாயிற்றுக்கிழமை நானும் மகளும் அம்மாவுடன் அடுப்படியில் நிற்கப்போகிறோம்.