ஈயக் கட்டியும் 26 கிலோ அரிசியும்

போன மாதம் எங்கள் வீட்டு ஈயச் சொம்பு உருகிவிட்டது.

பெயர்தான் ஈயம், ஆனால் அது காரீயம் இல்லை, வெள்ளீயம். ரசம் வைப்பதற்கென்றே உள்ள சொம்பு. வெள்ளீயம் 232 டிகிரியில் உருகிவிடும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கும்வரை சூடு 100-ஐ ஒட்டியே நிற்கும் என்பதால் சொம்புக்கு ஒன்றும் ஆகாது. வெறுமனே அடுப்பில் வைத்தால் முடிந்தது கதை. இந்த அறிவியலெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். கழுவிய ஈரம் போகட்டும் என்று சிறுதீயில் வைத்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"அக்கா, பார்சல். லொகேஷன் வயலுக்குள்ள காட்டுது. மெயின் ரோட்டுக்கு வந்துடறீங்களா?"

வலங்கைமான் பக்கம் எங்கள் ஊர். மேப்பில் எங்கள் வீடு வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நடவு வயலில் இருக்கிறது. அந்தப் பையன் என்ன செய்வான், பாவம். போய் வாங்கி வந்தேன். வீட்டுக்காரருக்குச் செருப்பு. திரும்பி வந்து பார்த்தால் பர்னரைச் சுற்றி வெள்ளி மாதிரி ஒரு குட்டை.

அது என் மாமியாருக்குச் சீராக வந்த சொம்பு. என்ன சொல்வாரோ என்று பயந்து நின்றேன். எட்டிப் பார்த்தவர், "ஈயம் எங்கயும் ஓடிடாது. ஆறினதும் பேத்து எடு, கடையில எடைக்குப் போட்டுக்குவான்" என்று சொல்லிவிட்டு வெற்றிலையைக் கிள்ளப் போய்விட்டார்.

கட்டியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு கும்பகோணம் பஸ் ஏறினேன். கும்பேஸ்வரர் கோயில் பக்கம் இருக்கும் பாத்திரக் கடைகளில் ஒன்று. கல்லாவில் இருந்த பெரியவர் பையைப் பிரித்துப் பார்த்தார். சிரிக்கவில்லை.

"சீரியலாம்மா, போனா?"

"போன்தாங்கய்யா."

"முன்னல்லாம் சீரியல். இப்ப எல்லாம் போன்தான்."

கட்டியின் மெல்லிய ஓரத்தைக் காதருகே பிடித்து வளைத்தார். நொறுநொறுவென்று ஒரு சின்னச் சத்தம். நல்ல வெள்ளீயத்தை வளைத்தால் அப்படிச் சத்தம் வருமாம். "அந்தக் காலத்து ஈயம், கலப்படம் இல்ல" என்று எடை போட்டு, புதுச் சொம்பு விலையில் கழித்துக்கொண்டார். கையிலிருந்து 900 ரூபாய்தான் போனது. புதிதாகவே வாங்கியிருந்தால் 2,000-க்கு மேல்.

வந்தது வந்தோம் என்று பித்தளை அடுக்குப் பாத்திரம் ஒன்றும் கேட்டேன். இப்போது யார் வீடியோ போட்டாலும் பித்தளையில்தான் சாம்பார் கொதிக்கிறது, எனக்கும் ஆசை. 1,800 ரூபாய் விலை, கையில் எடுத்துவிட்டேன். பெரியவர் ஒன்று கேட்டார்: "உங்க ஊருக்கு ஈயம் பூசறவர் வர்றாரா?"

வருவதில்லை. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஒருவர் வருவார். புங்கமரத்தடியில் குழி வெட்டி, துருத்தி ஊதி, பாத்திரத்தை நன்றாகக் காய்ச்சி, நவச்சார உப்பைத் தூவுவார். குபுகுபுவென்று வெள்ளைப் புகை எழும். ஈயத்தை ஒரு தொடு தொட்டுப் பஞ்சால் வழித்தால் உள்பக்கம் முழுக்கக் கண்ணாடியாகிவிடும். அவரைப் பார்த்து முப்பது வருஷம் இருக்கும்.

"அப்ப இது வேண்டாம்மா. பூச்சு தேஞ்சப்புறம் புளி பட்டா பித்தளை களிம்பு கக்கும், சாப்பிடக் கூடாது. பொங்கல் மட்டும்னா வெண்கலப்பானை எடுத்துக்கங்க, அதுக்குப் பூச்சு வேணாம். சாம்பார்தான்னா எவர்சில்வரே போதும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "உங்க வீட்டுப் பரண்ல பழைய அடுக்கு கிடக்கும். இருந்தா கொண்டாங்க. வியாழக்கிழமை நம்ம கடைக்கு ஒருத்தர் வர்றார், பூசிக் குடுப்பார்" என்றார்.

எடுத்த பாத்திரத்தை அவரே வாங்கித் திரும்ப அடுக்கினார். 1,800 ரூபாய் வியாபாரம் போயிற்று. பஸ்ஸில் திரும்பும் வழியெல்லாம் எனக்கு அதே யோசனைதான். என்னிடம் கடைசியாக "இது உங்களுக்கு வேண்டாம்" என்று சொல்லி விற்க மறுத்தவர் யார்? செருப்பு வாங்கிய செயலி பத்து நாளாக எனக்கு இன்னும் செருப்பாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. இருப்பது இரண்டு கால், அதற்கு எத்தனை ஜோடி?

சரி, ஊர்க்கடை என்றாலே உத்தமம் என்று நான் சொல்ல வருவதாக நினைக்கவேண்டாம். அந்தச் செருப்பு அளவு சரியில்லை. ஆனால் நாலே நாளில் ஆள் வந்து எடுத்துப் போனார், பணமும் வந்துவிட்டது. அதே வாரம் ஒரு பெரிய ஜவுளிக்கடையில் எடுத்த சேலையைப் பகல் வெளிச்சத்தில் பிரித்தால் முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குக் கறை. கொண்டுபோனால் பில்லைத் திருப்பிக் காட்டுகிறார்கள்: விற்ற சரக்கு திரும்பப் பெறப்படமாட்டாது. குறைபாடுள்ள பொருளை விற்றுவிட்டுத் திரும்ப எடுக்க மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் நாள் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் அவகாசம் உண்டு. இதைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன், சொல்லவும் சொன்னேன். "மேனேஜர் சாப்பிடப் போயிருக்காரு மேடம்" என்றார்கள். மணி அப்போது காலை பதினொன்று. கடைசியில் வேறு சேலை மாற்றிக் கொடுத்தார்கள், ஆனால் அதற்குள் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

அப்புறம் அரிசி. நெல் விளையும் ஊரில் அரிசியை விலைக்கு வாங்குவதில் உள்ள கூச்சம் டெல்டாக்காரர்களுக்குத்தான் தெரியும். எங்கள் நெல் குண்டு ரகம், அரைத்தால் இட்லிக்குத்தான் ஆகும். அதைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, சாப்பாட்டுக்குப் பொன்னி வாங்குகிறோம். 10 கிலோ பை போதும் என்றுதான் போனேன். கடையில் இருப்பதெல்லாம் 26 கிலோ மூட்டை. அது என்ன கணக்கு 26? எல்லாம் ஜிஎஸ்டி செய்த வேலை. பை போட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 2022 ஜூலை 18 முதல் 5 சதவீத வரி. 25 கிலோ வரைக்கும்தான் அது, தாண்டிவிட்டால் இல்லை. அதனால் ஒரு கிலோவைக் கூடப் போட்டுத் தைத்துவிட்டார்கள். மாதம் பத்து கிலோ வாங்குகிற வீட்டுக்குத்தான் வரி, மூட்டையாக வாங்க வசதி உள்ளவருக்கு இல்லை. இதை யோசித்துச் செய்தார்களா, யோசிக்காமல் செய்தார்களா என்று எனக்கு விளங்கவில்லை.

மூட்டைக்கே சரி என்று தலையாட்டினேன். கடைக்கார அண்ணன் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி, "இது புதுசுக்கா, குழைஞ்சிடும். பத்து நாள்ல பழைய அரிசி வருது, அப்ப மூட்டையா எடுத்துக்கங்க" என்றார். பிரித்து வைத்திருந்த பழைய மூட்டையின் அடியிலிருந்து 5 கிலோ நிறுத்துக் கொடுத்தார். அப்படிச் சில்லறையாக நிறுத்துக் கொடுப்பதற்கு வரி கிடையாது. ஒரே மாதத்தில் எனக்கு இரண்டாவது "வேண்டாம்".

புதுச் சொம்பில் முதல் ரசம் வைத்தாயிற்று. "பழசு மாதிரி இல்ல, பழகணும்" என்றார் மாமியார். போன் வந்தால் இப்போது முதலில் அடுப்பை அணைக்கிறேன்.

பரணில் ஏறிப் பார்த்தேன். ஒன்று இல்லை, நாலு அடுக்கு கிடந்தது. ஒவ்வொன்றும் தூக்கமுடியாத கனம், நாலையும் திண்ணையில் இறக்கி வைத்திருக்கிறேன். வியாழக்கிழமை வலங்கைமானிலிருந்து கும்பகோணத்துக்குக் கார் எடுக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இதைப் பஸ்ஸில் ஏற்றினால் கண்டக்டர் என்னையும் சேர்த்து இறக்கிவிடுவார்.