பள்ளியில் களவு போன பிறகு அல்ல, அதற்கு முன்பே செய்ய வேண்டியவை

பள்ளியில் திருட்டு நடந்துவிட்டால், கேமரா பொருத்த வேண்டும் என்ற பேச்சுதான் முதலில் எழுகிறது. கேமரா வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் முகத்தை மூடிக்கொண்டு வருபவரை அது தடுக்காது. அதன் பதிவைச் சேமிக்கும் டிவிஆர் பெட்டி தலைமையாசிரியர் அறை மேசையின் மீதே இருந்தால், மடிக்கணினிகளோடு சேர்த்து அதையும் தூக்கிச் சென்றுவிடுவார்கள்.

என்னைக் கேட்டால், முதலில் சரிசெய்ய வேண்டியது இருப்புப் பதிவேடு. "மடிக்கணினி - 10, புரொஜெக்டர் - 2" என்று மட்டும் எழுதி வைத்திருந்தால், திருட்டுப் பொருள் பிடிபட்டாலும் அது நம் பள்ளியுடையதுதான் என்று நிரூபிக்க வழியிருக்காது. மடிக்கணினியின் அடிப்புறத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும் சீரியல் நம்பரையும், சிம் போடும் டேப்லெட் என்றால் அந்தக் கருவிக்கே உரிய 15 இலக்க அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணையும், பெட்டியைப் பிரிக்கும் அன்றைக்கே பதிவேட்டில் ஏற்றிப் படமும் எடுத்து, ஒரு நகலைப் பள்ளிக்கு வெளியே வைத்திருக்க வேண்டும். பள்ளியின் பெயரை ஸ்டிக்கராக ஒட்டினால் உரித்துவிடுவார்கள்; மேலுறையிலேயே செதுக்கிவிட்டால், வாங்குகிறவர் யோசிப்பார்.

அடுத்தது கதவு. கனமான பூட்டாகப் பார்த்து வாங்கிவிட்டு, அது தொங்கும் கொண்டியை வெளியே தெரியும் நான்கு திருகாணிகளில் நிறுத்தியிருப்பார்கள். அவற்றைக் கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும், பூட்டைத் தொடவே வேண்டாம். கதவை ஊடுருவிச் செல்லும் போல்ட்டுக்கு உட்புறம் நட்டு போட்டு முடுக்கியிருந்தால், உடைப்பதற்கு நேரமும் பிடிக்கும், சத்தமும் எழும். திருட வருபவர் அஞ்சுவது இந்த இரண்டுக்கும்தான்.

ஆள் நடமாட்டமில்லாத நீண்ட விடுமுறைக்கு முன் கருவிகளையெல்லாம் சன்னல் வழியே பார்வைக்குப் படாத ஓர் உள்ளறைக்கு மாற்றிவிடுவது நல்லது. புதிய கணினிகள் வந்த அட்டைப்பெட்டிகளை வாசலில் குவித்து வைப்பது, உள்ளே என்ன இருக்கிறது என்று நாமே அறிவிப்பதாகும். ஒருமுறை திருட்டு நடந்த இடத்துக்கு மறுபடியும் வரக்கூடும் என்பதையும் மறக்கக் கூடாது; வழி தெரியும், புதுப்பொருள் வந்திருக்கும் என்றும் தெரியும். ஆகவே, உடைத்த வழியைச் சீர்செய்யாமல் மாற்றுக் கருவிகளை வாங்கி வைக்க வேண்டாம்.

இவ்வளவையும் விட என்னை வருத்துவது வேறொன்று. பொருள் காணாமற்போனால் அதைப் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்ட ஆசிரியரே பணம் கட்ட வேண்டும் என்ற அச்சம் இருக்கும் இடத்தில், கணினிகள் பீரோவை விட்டு வெளியே வருவதே இல்லை. திருடு போகாமலேயே அவை பிள்ளைகளுக்கு இல்லாமல் போய்விடுகின்றன. கவனக்குறைவு வேறு, பூட்டை உடைத்து நடந்த களவு வேறு என்பதை நிர்வாகம் எழுத்திலேயே தெளிவுபடுத்த வேண்டும். எடுத்ததையும் திருப்பி வைத்ததையும் முறையாகப் பதிந்து, அறையைப் பூட்டிச் சாவியை ஒப்படைத்த ஆசிரியரிடம், இரவில் நடந்த திருட்டுக்காக ஒரு காசும் கேட்கக் கூடாது.