பெயரை மறைக்காமல் நான்காம் இடம்

பக்திப் பாட்டு விற்பனைப் பட்டியலில் ஏற வேண்டுமானால் கடவுளின் பெயரைக் கொஞ்சம் அடக்கி வாசிக்க வேண்டும் என்று இசை வியாபாரம் அறிந்தவர்கள் அறிவுரை சொல்வதுண்டு. எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அது வியாபாரியின் பயம். கேட்கிறவனுக்கு அந்தப் பயம் கிடையாது.

1969இல் எட்வின் ஹாக்கின்ஸ் குழுவின் 'ஓ ஹேப்பி டே' அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் நான்காம் இடத்துக்கும் பிரிட்டனில் இரண்டாம் இடத்துக்கும் போனது. இயேசு என் பாவங்களைக் கழுவிய நாள் இன்பநாள் என்பதுதான் அந்தப் பாட்டின் மையச் செய்தி. மூலம், 18ஆம் நூற்றாண்டில் பிலிப் டாட்ரிட்ஜ் என்ற ஆங்கிலேயப் போதகர் எழுதிய ஞானப்பாட்டு. கலிபோர்னியாவின் பெர்க்லியில் ஒரு பெந்தெகொஸ்தே ஆலயத்தில், ஹாக்கின்ஸின் இளைஞர் பாடகர் குழு தானே விற்றுப் பணம் திரட்டுவதற்காகப் பதிவு செய்த இசைத்தட்டில் அது இருந்தது. சான் பிரான்சிஸ்கோ வானொலியில் ஒலித்த பிறகுதான் ஊருக்குத் தெரிந்தது. நாடு முழுக்கக் கொண்டுசேர்த்த நிறுவனத்தின் பெயர் புத்தா ரெக்கார்ட்ஸ். இயேசுவுக்குப் புத்தர் செய்த உதவி!

ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பியானோ துள்ளலோடு தொடங்குகிறது. முதன்மைப் பாடகி டோரதி மாரிசன் எடுத்த எடுப்பில் உச்சத்துக்குப் போவதில்லை. அடிக்குரலில், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் சொல்வதுபோல ஓர் அடி. குழு அதையே வாங்கித் திருப்பிப் பாடுகிறது. இயேசு கழுவினார் என்ற இடம் வந்ததும் அத்தனை குரல்களும் ஒன்றாக எழும்புகின்றன. பாட்டின் உச்சமே அந்தப் பெயர்தான். அதை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன?

இதற்கு முன் மற்றவர்கள் வேறு வழியில் போனார்கள். அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் ரே சார்லஸ் 1954இல் ஒரு சுவிசேஷப் பாட்டின் அச்சை எடுத்து, இயேசு இருந்த இடத்தில் ஒரு பெண்ணை வைத்தார். கறுப்பின மக்களின் ஜனரஞ்சக இசையான ரிதம் அண்ட் புளூஸ் பட்டியலில் அது முதலிடம் பிடித்தது. சுவிசேஷப் பாடகராக இருந்த சாம் குக், முதல் காதல் பாட்டை டேல் குக் என்ற பெயரில் வெளியிட்டார். சபையார் கோபத்துக்கு அஞ்சித்தான். அந்தக் குரலை யார்தான் அடையாளம் காணமாட்டார்கள்?

ஹாக்கின்ஸுக்கும் எதிர்ப்பு சபைக்குள்ளிருந்தே வந்தது. உலகப் பாட்டுகளோடு வானொலியில் ஆண்டவர் பாட்டு ஒலிப்பதா என்று பலர் முகம் சுளித்தார்கள். ஆலயத்தின் பக்கமே வராதவர்கள் காசு கொடுத்து ஆண்டவர் பாட்டை வாங்கியதில் இவர்களுக்கு என்ன வருத்தமோ!

இந்தப் பாட்டுதான் 'மை ஸ்வீட் லார்ட்' எழுதத் தூண்டியது என்று பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிசனே சொல்லியிருக்கிறார். அல்லேலூயா, ஹரே கிருஷ்ணா, நம் ஊர் 'குருர் பிரம்மா' சுலோகம் எல்லாம் அதில் உண்டு. அதுவும் பெயரை மறைக்காமலே அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. ஆனால் அதன் மெட்டு பழைய காதல் பாட்டு ஒன்றிலிருந்து, அவர் அறியாமலேயே வந்தது என்று 1976இல் நியூயார்க் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ரே சார்லஸ் செய்ததற்கு நேர்மாறு.